டைப்ரைட்டர் தோற்றத்துக் கீபோர்டு: தட்டச்சுக்கும் கேமுக்கும் ஒன்றே போதுமா?

வாசகர் கேள்வி, 2024 அக்டோபர் 6

அக்கா, நான் பாபநாசத்துப் பக்கம். தஞ்சாவூரில் கல்லூரி இறுதி ஆண்டு படிக்கிறேன். பிப்ரவரியில் ஆங்கிலத் தட்டச்சு லோயர் தேர்வு எழுத வேண்டும் என்பதால் மாலையில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் போகிறேன். இரவில் நண்பர்களுடன் வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவேன். வெள்ளி விளிம்பு வைத்த வட்ட விசைகளுடன், பழைய டைப்ரைட்டர் போலவே இருக்கும் மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை இணையத்தில் பார்த்ததிலிருந்து அதன் மேலேயே கண்ணாக இருக்கிறேன். இன்ஸ்டிடியூட்டில் அடிக்கும் உணர்வு வீட்டிலும் கிடைக்கும், பயிற்சியும் ஆகும், விளையாடவும் ஆகும் என்பது என் கணக்கு. வாங்கலாமா?

அக்டோபர் 6, இரவு

தம்பி, மன்னார்குடியில் பதினெட்டு ஆண்டுகளாக ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். தமிழும் ஆங்கிலமும் ஹையர் வரை டைப்ரைட்டரில் முடித்தவள். என் கடையில் இன்றும் உழைப்பது ஒரு பழைய டிவிஎஸ் கோல்டு. வங்கிக் கவுன்டர்களிலும் மொத்த மளிகைக் கடைகளிலும் சடசடவென்று ஒலிக்கும் அந்தக் கீபோர்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதன் பழைய பிரதிகளுக்குள் இருப்பது செர்ரி நிறுவனத்தின் நீல சுவிட்ச். சுவிட்ச் என்பது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியாக இருக்கும் சின்னப் பாகம்; அதன் தண்டின் நிறமே அதற்குப் பெயர். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2.2 மில்லிமீட்டர் இறங்கியபோதே சொடுக்கென்று ஒலித்து எழுத்து பதிவாகிவிடும். பதிந்த சேதி விரலுக்கும் காதுக்கும் ஒருசேர வந்துவிடுவதால், பார்த்து அடிக்கும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவே தேவையில்லை. டைப்ரைட்டர் உணர்வு வேண்டுமென்றால் நீல சுவிட்ச் வாங்குங்கள். விசை வட்டமா சதுரமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

அக்டோபர் 7

நேற்று அவசரத்தில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். லோயர் தேர்வு டைப்ரைட்டரில் நடக்கிறது. நிமிடத்துக்கு 30 சொல், சொல்லுக்கு 5 அடி, பத்து நிமிடத்துக்கு 1,500 அடி என்பது கணக்கு. கீபோர்டில் 50 சொல் அடிப்பவர்கள் தேர்வுக் கூடத்துப் பொறியில் 25ஐத் தாண்ட முடியாமல் திணறியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஷிப்டை அழுத்தும் சுண்டுவிரல் ஒரு இரும்புப் பாகத்தையே நகர்த்துகிறது. வரி முடிந்ததும் இடது கை நெம்புகோலைத் தள்ள வேண்டும். அடித்த பிழையை அழிக்க வழியில்லை. வீட்டுக் கீபோர்டு எழுத்துகள் இருக்கும் இடத்தை விரல்களுக்குப் பழக்கும், அவ்வளவுதான். எந்தக் கீபோர்டு வாங்கினாலும், இன்ஸ்டிடியூட்டில் உட்காரும் ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடத்தைக்கூடக் குறைக்காதீர்கள்.

அக்டோபர் 13

வட்ட விசையைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று சொன்னேன். இந்த ஒரு வாரமாக மனத்தில் ஓடியது அதுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நீங்கள் சொல்வது போன்ற கீபோர்டு ஒன்றை நானே வாங்கினேன். ஆறாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். வந்த நாளில் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். மறுநாள் ஒரு கிரயப் பத்திர நகல் அடிக்க உட்கார்ந்தேன். நான்கெல்லை விவரம், சர்வே எண், சதுர மீட்டர் கணக்கு என்று இடைவிடாமல் ஓடும் ஆறு பக்கம். இரண்டாம் பக்கத்திலேயே விரல் நுனி விசையின் விளிம்பில் பட்டு வழுக்கத் தொடங்கியது. பக்கத்து எழுத்து சேர்ந்து விழுந்தது, அல்லது எழுத்தே விழவில்லை. பத்திரத்தில் ஓர் எண் மாறினால் அது வேறொருவருடைய நிலம். அந்த ஆறு பக்கத்தையும் பழைய கீபோர்டில் மறுபடி அடித்தேன்.

காரணம் எளிய வடிவக் கணக்கு. சாதாரண அளவுள்ள கீபோர்டுகளில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர்தான். ஒரு சதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டம் அந்தச் சதுரத்தின் பரப்பில் 78 விழுக்காடு அளவே இருக்கும். மிச்சமெல்லாம் நான்கு மூலைகளில் போய்விடுகிறது. வேகமாக அடிக்கும் விரல் எப்போதும் நடுவில் விழுவதில்லை. மூலையில் விழுந்த விரலைச் சதுர விசை தாங்கிக்கொள்ளும். வட்ட விசையில் அந்த இடம் வெறும் பள்ளம்.

அப்படியானால் பழைய பொறிகளில் வட்ட விசையை வைத்துக்கொண்டு எப்படி அடித்தார்கள் என்று கேட்கலாம். டைப்ரைட்டரில் விசை வரிசைகள் குளத்துப் படித்துறை போல ஒன்றுக்கு மேல் ஒன்றாக எழும்பி நிற்கின்றன. விரல் மேலிருந்து நேராக இறங்குகிறது. கீபோர்டில் கை ஏறக்குறைய தட்டையாகக் கிடக்க, விரல் உரசினாற்போல நகர்ந்து அடுத்த விசைக்குப் போகிறது. அப்படி நகரும் விரலைத்தான் பள்ளம் தடுக்கிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கற்றுக்கொண்ட ஃபேசிட், கோத்ரெஜ் பொறிகள் எதிலும் வெள்ளி வளையமிட்ட வட்ட விசை இல்லை. விரல் நுனிக்கு ஏற்பக் குழிந்த பிளாஸ்டிக் விசைகளே இருந்தன. இந்தியாவிலேயே பொறி செய்ய 1955இல் கோத்ரெஜ் தொடங்கியபோது, வளையமிட்ட கண்ணாடி விசை பழைய தலைமுறையின் பாணியாகிவிட்டிருந்தது. உங்கள் இன்ஸ்டிடியூட்டில் நாளைக்குப் போனதும் விசையைக் கூர்ந்து பாருங்கள். நீங்கள் ஆசைப்படும் உருவமும் நீங்கள் கற்கும் பொறியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அக்டோபர் 14

இரண்டு ஆண்டுகளாக வட்ட விசையில் எந்தச் சிரமமும் இல்லாமல் அடித்து வருவதாகக் கும்பகோணத்திலிருந்து ஓர் ஐயா எழுதியிருக்கிறார். விசைகளைப் பார்த்துத்தான் அடிப்பேன் என்றும் அவரே சொல்கிறார். கண் வழிகாட்டும்போது விரல் நடுவில்தான் விழும், அதனால் அவர் சொல்வதை முழுக்க நம்புகிறேன். நான் எழுதியதைப் பார்க்காமல் அடிப்பவர்களுக்கு என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.

அக்டோபர் 20

தமிழ் அடிப்பவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதை எந்த விற்பனைப் பக்கத்திலும் எழுத மாட்டார்கள்.

கணினியில் தமிழ் அடிப்பதற்கென்று வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் வருகின்றன. ஆங்கிலத்தில் நிறுத்தக் குறிகள் இருக்கும் விசைகளில் அங்கே நமக்கு எழுத்துகள் இருக்கின்றன. அரைப்புள்ளி விசையில் ந, அதற்கு அடுத்த மேற்கோள் விசையில் ய, இரண்டு பகர அடைப்புகளில் ச, ஞ, சாய்கோட்டில் ழ. டைப்ரைட்டர் அழகுக்காகவோ மேசையில் இடம் மிச்சம் பிடிக்கவோ செய்யப்படும் சிறிய கீபோர்டுகளில் இந்த வலது ஓரத்து விசைகளைத்தான் முதலில் சுருக்குகிறார்கள், இடம் மாற்றுகிறார்கள், அல்லது வேறொரு விசையோடு சேர்த்து அழுத்தும்படி ஒளித்துவைக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு அடைப்புக்குறி ஒளிந்துபோனால் பெரிய இழப்பில்லை. சாய்கோட்டு விசை இடம் மாறிவிட்டால் தமிழ் என்ற சொல்லையே நம்மால் ஓட்டமாக அடிக்க முடியாது.

என் கையில் இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன. முதலில் பழகியது பழைய தட்டச்சு முறை, அதாவது யளனகபக என்று தொடங்கும் பாடம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, இத்தனை தமிழ் எழுத்துகளையும் ஒரு பொறிக்குள் அடக்கும் வழியை நகரா விசையில் கண்டார். புள்ளியையும் இகர, ஈகாரக் கொக்கிகளையும் அடிக்கும்போது தாள் நகராது. அவற்றை முதலில் அடித்துவிட்டு மேலே மெய்யை அடித்தால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து விழும். டைப்ரைட்டரில் வளர்ந்த கைக்கு இந்த வரிசை எலும்பில் ஊறியது. தமிழ்99க்கு மாறியபோது மூன்று மாதம் புள்ளியை முன்னால் அடித்து அடித்துத் தடுமாறினேன். பிறகு ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழுகிறது என்ற வசதி கைக்குப் பழகியதும் திரும்பிப் போக மனம் வரவில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் இரண்டு முறைகளும் உண்டு. பழையதை விட முடியாதவர்கள் விட வேண்டியதில்லை.

எனவே படத்தைப் பெரிதாக்கி, லகர விசைக்கு வலப்புறம் எத்தனை விசைகள் முழு அளவில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். (லகர விசை என்று நான் எழுதியது ஆங்கில எல், தமிழ்99இல் அது த. இப்படி இரண்டு பெயர் கலந்து குழம்புவது எனக்கு இன்னும் போகவில்லை.) அரைப்புள்ளி, மேற்கோள் என இரண்டும், அவற்றுக்கு அப்பால் என்டரும் இருக்க வேண்டும்.

நவம்பர் 2

தீபாவளிக்கு அக்கா மகன் வந்திருந்தான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான்; விளையாட்டுப் பைத்தியம். என்னிடம் இருக்கும் நீல சுவிட்ச் கீபோர்டு ஒன்றை வீட்டுக் கணினியில் மாட்டிக் கொடுத்துவிட்டு, மூன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்தேன். அக்டோபர் 6 அன்று நான் கொடுத்த யோசனை பாதிதான் சரி என்பது எனக்கு அப்போது புரிந்தது.

அவனுடைய இடக்கை டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளை விட்டு எழுந்திருப்பதே இல்லை. தட்டச்சில் விரல் அடித்துவிட்டு உடனே விலகும். விளையாட்டில் விரல் விசையை அழுத்திப் பிடித்தபடி இருந்து, கொஞ்சமே எழும்பி மறுபடி அழுத்துகிறது. இடப்பக்கம் ஓடும் வீரனைச் சட்டென்று நிறுத்தி குறிபார்ப்பதற்கு, ஏ விசையை விட்ட கணமே டி விசையை ஒரு தட்டுத் தட்டுகிறான். நீல சுவிட்சில் எழுத்து பதிவாகும் இடம் ஒன்று. அது மீண்டு அடுத்த அழுத்தத்துக்குத் தயாராகும் இடம் அதைவிட மேலே. உள்ளே சொடுக்கும் துண்டு தன் இடத்துக்குத் திரும்பினால்தான் மறு அழுத்தம் கணக்கில் சேரும். ஆகவே, கொஞ்சமாக எழும்பும் அவன் விரலுக்குப் பல தட்டுகள் விழாமலே போயின. அதே செர்ரியின் சிவப்பு சுவிட்சில் சொடுக்கும் இல்லை, தடையும் இல்லை. 2 மில்லிமீட்டரில் பதிவு. பதியும் இடத்துக்கும் மீளும் இடத்துக்கும் இடையே அவ்வளவு தூரமும் இல்லை. அவன் தன் அறையில் வைத்திருப்பது அதுதானாம்.

அடுத்தது சத்தம். எங்கள் வீடு முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. கூடத்தில் அடித்தால் ரேழி வரைக்கும் கேட்கும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். பகல் பதினொரு மணிக்குக் கடையில் கேட்கும்போது தெம்பூட்டும் ஒலி, இரவு பதினொரு மணிக்கு மாமியாரை எழுப்பி உட்காரவைத்தது. இரண்டாம் இரவு அவர் ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. தம்பி, உங்கள் வீடு எப்படிப்பட்டது, இரவில் யார் எங்கே படுக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்காமல் நீல சுவிட்ச் வாங்கச் சொன்னது என் தவறு.

நவம்பர் 3

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது: ஒரே நேரத்தில் எத்தனை விசைகளைக் கீபோர்டு ஏற்கும் என்பது.

டைப்ரைட்டரில் இரண்டு விசைகளைச் சேர்த்து அடித்தால் இரண்டு எழுத்துக் கம்பிகளும் நடுவழியில் மோதிச் சிக்கிக்கொள்ளும். ஒன்றைவிட்டுத்தான் அடுத்தது என்று நம்மை அடித்து வளர்த்ததற்கு அதுதான் காரணம். விளையாடுபவருக்கோ ஓடுவது, குனிவது, தாவுவது எல்லாம் ஒரே கணத்தில் வேண்டும். மலிவான கீபோர்டுகளில் சுற்றுகள் வலைபோலப் பகிரப்பட்டிருப்பதால், சில மூன்று விசைக் கூட்டுகளில் மூன்றாவது விழாது.

கடையிலேயே சோதித்துவிடலாம். இரண்டு ஷிப்டுகளையும் இரு கட்டைவிரல்களால் பிடித்துக்கொண்டு, ஆங்கில எழுத்துகள் 26ஐயும் ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். திரையில் எந்த எழுத்து விடுபடுகிறதோ அந்தச் சுற்றில் இடிப்பு இருக்கிறது. என் வட்ட விசைக் கீபோர்டில் ஏழு எழுத்துகள் வரவில்லை.

நவம்பர் 24

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முதல் குறிப்பில் நீல சுவிட்ச்தான் டைப்ரைட்டர் உணர்வு என்று அழுத்தம் திருத்தமாக எழுதியிருக்கிறேன். அது தவறு.

வெள்ளிக்கிழமை, நான் கற்ற இன்ஸ்டிடியூட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். ஆசிரியர் இப்போது இல்லை. அவருடைய மகள் நடத்துகிறார். வகுப்பு முடிந்து ஒரு ரெமிங்டன் காலியாக இருந்தது. தாளைச் செருகி அரைப் பக்கம் அடித்தேன். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதைத் தொட்டபோது, நினைவில் இருந்த பொறி வேறு, கையில் இருந்த பொறி வேறு என்று தெரிந்தது.

விசை இறங்கத் தொடங்கும்போது இலேசாக இருக்கிறது. இறங்க இறங்கக் கனம் சேர்கிறது. அந்தக் கனம் உச்சத்துக்கு வருமுன் விரல் தன் வேலையை முடித்துவிடுகிறது. மிச்ச தூரத்தை எழுத்துக் கம்பி தானே வீசிப் பறந்து கடக்கிறது. உருளையில் மோதும்போதுதான் ஓசை. அதற்குள் விரல் திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும். காய்ந்த தோசைக்கல்லைத் தொட்டது போல எடு என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். அமுக்கிப் பிடித்தால் எழுத்து கறுப்பாக அப்பும், மெதுவாக அடித்தால் வெளிறும். நடுவழியில் சொடுக்கு என்பது அந்தப் பொறியில் எங்குமே இல்லை. விரல் ஒரு கல்லை எறிகிறது, கல் போய் விழுந்த சத்தம் பிறகு கேட்கிறது.

நீல சுவிட்சில் சத்தம் பாதி வழியில் வருகிறது. ஆனால் டைப்ரைட்டரில் பழகிய கை சத்தத்தோடு நிற்காது. விசை முழுவதும் இறங்கித் தட்டும் வரை ஓங்கி அடிக்கும். அந்த மிச்ச தூரமெல்லாம் வீண் உழைப்பு, அடியில் பிளாஸ்டிக்கில் மோதும் அதிர்ச்சி முழுவதும் விரல் மூட்டுக்கு. இத்தனை நாளாக என் வலது மோதிர விரல் மூட்டில் மாலையானால் வரும் வலிக்கு வயதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளிலிருந்து கீபோர்டுக்கு அடியில் பழைய பருத்தித் துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன். விசை மூடிகளின் தண்டில் சின்ன ரப்பர் வளையங்களும் மாட்டியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. வலி குறைந்திருக்கிறது.

டைப்ரைட்டரின் கனம் சேரும் உணர்வுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது, ஐபிஎம் 1985இல் கொண்டுவந்த மாடல் எம் என்ற கீபோர்டின் சுருள்வில் முறை. வில் அழுந்தி அழுந்தி ஒரு கட்டத்தில் மடங்கிவிடுகிறது. மடங்கும் அந்தக் கணத்திலேயே ஒலியும் பதிவும். மின் தட்டச்சுப் பொறிகளைச் செய்து பழகிய நிறுவனம் என்பது அதில் தெரிகிறது. ஆனால் சில மூன்று விசைக் கூட்டுகளில் மூன்றாவது விழாது என்று நவம்பர் 3ஆம் தேதி சொன்ன சிக்கல் அந்தக் கீபோர்டிலும் உண்டு. எழுதுகிற உணர்வை அந்த அளவுக்குக் கொடுக்கும் பொறி, விளையாட்டுக்கு ஒத்துவரவில்லை.

டிசம்பர் 1

ஒரு வாரமாக விடாத மழை. கடை வாசல் வரை தண்ணீர். எழுத வேறு பொருள் இருந்தும், ஈரத்தைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துச் சுவர் வியர்க்கும். அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போகும். அந்தக் காற்றில்தான் கீபோர்டும் இருக்கிறது. என் வட்ட விசைக் கீபோர்டின் வெள்ளி வளையம் உலோகம் இல்லை, பிளாஸ்டிக் மேல் பூச்சு. முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஸ்பேஸ் விசையிலும் அகர விசையிலும் அது உரிந்து, விளிம்பு விரலைக் கீறத் தொடங்கியது. உண்மையாகவே துத்தநாகக் கலவை வளையம் வைத்துச் செய்யும் நிறுவனங்களும் உண்டு. அவற்றின் விலையும் அதற்கேற்ப. ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடி விரல் பட்டுப் பட்டு எண்ணெய் பூசியது போல மினுங்கிப்போகும். பிபிடி என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக் மூடியில் மேற்பரப்பின் சொரசொரப்பு வெகுநாள் நிற்கும். வியர்க்கும் விரல்களுக்கு அதுவே நல்லது.

சுவிட்ச்சைப் பொறுத்தவரை, நடுத் தண்டைச் சுற்றிச் சின்னப் பெட்டிபோலச் சுவர் எழுப்பிய வகை ஒன்று உண்டு. கைல் நிறுவனத்தின் பாக்ஸ் வரிசை அது. தூசியும் ஈரமும் தொடுமுனைக்குப் போவதை அந்தச் சுவர் தடுக்கிறது. நமது ஊருக்கு அதைத் தயங்காமல் சொல்வேன்.

டிசம்பர் 8

வயர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். வயருள்ளதே வாங்குங்கள். கணினி கீபோர்டை நொடிக்கு 125 முறை விசாரித்தால் இரண்டு விசாரணைகளுக்கு இடையே 8 மில்லிநொடி. 1,000 முறை விசாரித்தால் 1 மில்லிநொடி. வயரிலும், வயர் இல்லாத கீபோர்டுக்காகக் கணினியில் செருகும் நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளிலும் அந்த இரண்டாவது வேகம் கிடைக்கும். புளூடூத் பத்திரம் அடிக்கத் தாராளமாகப் போதும், விளையாட்டுக்குப் போதாது.

டிசம்பர் 15

காந்த சுவிட்ச் வாங்கச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். விசை கொஞ்சம் எழும்பினாலே மீண்டதாகக் கணக்கிடும் திறன் அதற்கு உண்டு. நவம்பரில் அக்கா மகன் பட்ட சிரமத்துக்கு அதுவே நேரான மருந்து. மறுக்கவில்லை. ஆனால் எழுத்து பதிந்ததை விரலுக்குச் சொல்லும் சின்ன மேடு, அதாவது திமில், அவற்றில் இல்லை. முழுக்க வழவழவென்று இறங்கும் விசையில் நாள் முழுதும் பார்க்காமல் அடிப்பது எனக்குச் சிரமம். மேலும், எதிரெதிர் திசை விசைகளைக் கீபோர்டே தானாக மாற்றிக்கொடுக்கும் வசதியைக் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்ற விளையாட்டில் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் தடை செய்துவிட்டது. அந்த வசதிக்காகவே கூடுதல் விலை கொடுப்பதாக இருந்தால் யோசிக்கவும்.

டிசம்பர் 29

இந்த இழையில் இத்தனை எழுதிய பிறகு, எனக்கே ஒரு கீபோர்டு மாற்ற வேண்டும் என்று தோன்றிவிட்டது. சுவிட்ச்சைப் பற்றுவைக்காமல் பிடுங்கிச் செருகக்கூடிய 87 விசைக் கீபோர்டு ஒன்றை வரவழைத்தேன். பழுப்பு சுவிட்ச். சொடுக்கு இல்லை; 2 மில்லிமீட்டர் ஆழத்தில் விரலுக்கு மட்டும் தெரியும் ஒரு சின்னத் திமில். உச்சத்தில் 55 கிராம் அளவு அழுத்தம்.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது இருவரும் ஒரு சோதனை செய்தோம். அவன் பயன்படுத்தும் நான்கு விசைகளில் மட்டும் சிவப்பு சுவிட்ச்சைச் செருகினோம். மற்றவை பழுப்பாகவே இருக்கட்டும், இருவருக்கும் ஆகும் என்று நினைத்தோம். அவனுக்கு நன்றாகவே இருந்தது. எனக்கு அன்று மாலை அடித்த வக்காலத்தில் வரிக்கு ஒரு பிழை. யோசித்தால் அது அப்படித்தான் ஆகும்: ஏ, எஸ், டி மூன்றும் இடக்கையின் ஆதார விசைகள். பழைய முறையில் ய, ள, ன. தமிழ்99இல் அ, இ, உ. சுண்டுவிரலும் மோதிர விரலும் நடுவிரலும் எந்நேரமும் ஓய்வெடுக்கும் இடத்தில் திமில் இல்லாமல் போனதால், விரல் வைத்தாலே எழுத்து விழுந்தது. ஆள்காட்டி விரலுக்கு ஒரு கனம், மற்ற மூன்றுக்கும் வேறு கனம் என்றால் கையின் தாளமே கெடுகிறது. மூன்றாம் நாள் நான்கையும் பிடுங்கிப் பழுப்பையே திரும்பச் செருகினேன்.

அதற்குப் பிறகு அவன் பழுப்பிலேயே நான்கு இரவு விளையாடினான். சிவப்பைவிடக் கொஞ்சம் மட்டம், நீலத்தைவிட எவ்வளவோ மேல் என்றான். மாமியார் கூடத்திலேயே படுத்தார்.

2025 ஜனவரி 19

பொங்கல் முடிந்தது. சம்பா அறுவடை ஓடுகிறது. தெருவில் அறுவடை இயந்திரமும் நெல் ஏற்றிய டிராக்டரும் போய்க்கொண்டே இருப்பதால், மதியத்துக்குள் கீபோர்டின் மேல் மஞ்சள் தூசி ஒரு படலமாகப் படிகிறது. நெல்லின் சுணை மெல்லியது, கூர்மையானது. சுவிட்ச்சுக்குள் போனால் ஒரே எழுத்து இரண்டு முறை விழத் தொடங்கும். இரவில் ஒரு துணியால் மூடிவையுங்கள். மாதம் ஒருமுறை மூடிகளைக் கழற்றி உலர்ந்த பெயின்ட் பிரஷால் துடையுங்கள். சுவிட்ச்சைத் தனியாகக் கழற்ற முடிகிற கீபோர்டின் அருமை இப்போதுதான் தெரிகிறது. நேற்று ஓர் இகரம் இரட்டித்தது. பதினைந்து ரூபாய் சுவிட்ச் ஒன்றை மாற்றினேன், தீர்ந்தது. பற்றுவைத்த கீபோர்டாக இருந்தால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

பிப்ரவரி 2

தம்பி எழுதியிருந்ததை இங்கே சேர்க்கிறேன். இன்ஸ்டிடியூட்டில் அவர் அடிக்கும் பொறியிலும் குழிந்த பிளாஸ்டிக் விசைதானாம். பார்த்ததும் அந்த வட்ட விசை ஆசை பாதி அடங்கிவிட்டதாம். மீதிப் பாதி அடங்கவில்லை, அதில் தவறும் இல்லை. ஒரு பொருளைப் பார்த்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றுவது பெரிய விஷயம். க்வெர்க்கிரைட்டர் போன்ற டைப்ரைட்டர் தோற்றத்துக் கீபோர்டுகளில் இடப்புறம் நெம்புகோலே வைத்திருக்கிறார்கள். அதை என்டருக்குப் பதிலாகத் தள்ளலாம். இரவில் சிறுகதை மட்டும் எழுதுகிறவர் என்னிடம் கேட்டிருந்தால் தயங்காமல் வாங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

அவருக்கு நான் சொன்னது இது. 87 விசை, வயர், கழற்றக்கூடிய பழுப்பு சுவிட்ச். மூடிகள் மட்டும் பழைய பொறியின் நிறத்தில்: பழுத்த தந்தம் போன்ற வெள்ளை, ஓர விசைகள் கரும்பச்சை. சதுரம், உச்சியில் குழிவு, வரிசைக்கு வரிசை உயரம் மாறுவது. டைப்ரைட்டரின் படித்துறை கொஞ்சமாவது அதில் இருக்கிறது. வட்ட மூடிகள் மீது ஆசை விடவில்லையென்றால் எஸ்கேப் விசைக்கும் மேல் வரிசை எஃப் விசைகளுக்கும் போட்டுக்கொள்ளலாம். அங்கே விரல் ஓடுவதில்லை.

பிப்ரவரி 9

நேற்று தம்பி மன்னார்குடிக்கு வந்தபோது, வாங்கிய கீபோர்டையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கடையில் மாட்டி, இரண்டு ஷிப்டையும் பிடித்துக்கொண்டு 26 எழுத்தும் அடித்தோம். எல்லாம் விழுந்தன. அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு மூன்றும் முழு அளவில், சரியான இடத்தில் இருக்கின்றன. எஸ்கேப் விசையில் மட்டும் வெள்ளி விளிம்பு வைத்த வட்ட மூடி ஒன்று.

ஒரு பத்தி அடித்துக் காட்டச் சொன்னேன். நிமிடத்துக்கு 41 சொல் வந்தது. ஆனால் ஒவ்வொரு விசையையும் அடிவரை அமுக்கிப் பிடிக்கிறார், விரல் திரும்பவில்லை. இப்படி அடித்தால் தேர்வுப் பொறியில் எழுத்து அப்பும். இந்த இரண்டு வாரமும் அந்தக் கீபோர்டை விளையாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எழுதும் பயிற்சி முழுவதையும் இன்ஸ்டிடியூட் பொறியிலேயே செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.